ஒப்பனை அறுவை சிகிச்சை ஏமாற்றத்தில் முடிந்தால்: சிங்கப்பூரில் நோயாளிக்கு உள்ள வழிகள்

மூக்கு, இமை, மார்பு, வயிறு என உடலின் எந்தப் பகுதியில் ஒப்பனை அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும், அதன் முடிவு மனத்துக்கு ஒவ்வாமல் போகும்போது நோயாளியின் வாயை முதலில் அடைப்பது கூச்சம்தான். நம் குடும்பங்களில் இத்தகைய சிகிச்சைக்குச் செல்பவர்களில் பலர் வீட்டாரிடம் முழுவதையும் சொல்லாமலே செல்கிறார்கள், முடிவு சரியில்லை என்று தெரிந்த பிறகு, "இது உனக்குத் தேவைதானா?" என்ற கேள்விக்கு அஞ்சி மேலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இப்படி ஒதுங்கியிருக்கும் மாதங்கள் நோயாளிக்குப் பெரும் இழப்பை உண்டாக்குகின்றன. உடல் ஆறுவதற்குக் காலம் கொடுத்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் சட்டம் அந்தக் காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துத் தருவதில்லை. ஆகவே மறு அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாமலும், ஆவணங்களைத் திரட்டுவதில் தாமதிக்காமலும் இருப்பதே இந்த வழிகாட்டி சொல்ல வரும் முதன்மையான செய்தி. இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் நிலைமைக்கேற்ற மருத்துவ ஆலோசனைக்கும் சட்ட ஆலோசனைக்கும் இது ஈடாகாது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

சில அறிகுறிகள் தோன்றினால் முடிவு நன்றாக வந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்குதல், வலிமாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் பிறகு கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலின் கெண்டைப்பகுதி மட்டும் வலித்து வீங்குதல் ஆகியவை உயிருக்கே ஆபத்தானவை. இமை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை மங்குவதும், முகத்தில் ஃபில்லர் (சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்பும் பொருள்) ஊசி போட்ட பிறகு தோல் வெளுத்தோ திட்டுத்திட்டாகக் கருநீலமாகவோ மாறுவதும் சில மணி நேரத்துக்குள் கவனிக்கப்பட வேண்டியவை. ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். சிகிச்சை செய்த மருந்தகம் தொலைபேசியை எடுக்கவில்லை என்று காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எங்கே, எப்போது, எதைச் செய்துகொண்டீர்கள் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடன் வந்த மாமியாரோ அண்ணனோ அருகில் இருப்பதால் சொல்லத் தயக்கமாக இருந்தால், அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும்படி தாதியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உடல் கேட்கும் காலம்

அவசரம் ஏதுமில்லை என்று உறுதியான பிறகு, நீங்கள் காண்பது இறுதி முடிவுதானா என்று பார்க்க வேண்டும். மூக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் நுனியில் உள்ள வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுவரை ஆகலாம். அதனால்தான் மூக்கைத் திருத்தும் மறு அறுவை சிகிச்சையைப் பெரும்பாலான நிபுணர்கள் ஏறத்தாழ ஓராண்டு கழியும்வரை செய்ய முன்வருவதில்லை. கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையில் உடலின் வடிவம் தெளிவாகத் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். மார்பக உள்வைப்புகள் தத்தம் இடத்தில் அமர்வதற்கும் ஏறக்குறைய அதே காலம் தேவை. தழும்பு முதிர்ந்து மங்குவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகலாம். தசையைத் தளர்த்தும் போட்டோக்ஸ் ஊசியால் இமை தொங்கிவிட்டால் அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும், ஊசியின் பலனே மூன்று நான்கு மாதங்களில் குறைந்துவிடும். ஹையலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்கும் நொதிமருந்து இருக்கிறது.

நம் தோல் நிறத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருமையான தோலில் கீலாய்டு எனப்படும் தடித்த தழும்பு உருவாகும் வாய்ப்பு வெளிர்தோலைவிட அதிகம். சாதாரணத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும். கீலாய்டு அந்த எல்லையைத் தாண்டி வளரும். இதை வெறுமனே வெட்டி எடுத்தால் மீண்டும் வளரும் வாய்ப்பு மிகுதி. ஆகையால் ஸ்டீராய்டு ஊசி, சிலிகோன் ஒட்டுப்பட்டை, அழுத்தம் தருதல் ஆகியவற்றை அறுவையோடு சேர்த்தோ தனியாகவோ பயன்படுத்துவார்கள். அதுபோலவே லேசர் சிகிச்சைக்குப் பிறகு தோல் கருத்துப்போவதும் நம்மவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது; அது பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும், ஆனால் சிங்கப்பூர் வெயிலில் சன்ஸ்கிரீன் இன்றி நடமாடினால் மங்காமல் நீடிக்கும். இந்த அபாயங்களை மருத்துவர் உங்களிடம் முன்கூட்டியே பேசினாரா, குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு உண்டா என்று கேட்டாரா என்பதை நினைவில் தேடி எழுதி வையுங்கள். பின்னர் இதுவே முக்கியமான கேள்வியாகலாம். ஆறாத காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ பூசும்படி உறவினர் அன்போடு சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

தை மாதத்தில் திருமணம் என்பதற்காகத் திருத்த அறுவையை முன்கூட்டியே செய்துதரக் கேட்பவர்களும் உண்டு. வீக்கம் வடியாத திசுவில் மறுபடியும் கத்தி வைத்தால் முதல் முறையைவிடக் கடினமான நிலை ஏற்படலாம். வேண்டுமானால் படமெடுக்கும் நாளில் ஒப்பனையால் மறைத்துக்கொள்ளலாம். அறுவையை நாள்காட்டிக்கு ஏற்பச் சுருக்க முடியாது.

இன்றே தொடங்க வேண்டிய ஆவணப் பணி

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய பணி நிறைய இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தொலைவிலிருந்து, நேராகவும் இரு பக்கவாட்டிலும் வாரம் ஒருமுறை படம் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். கைத்தொலைபேசியின் அழகுபடுத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள். சிகிச்சைக்கு முந்தைய படங்கள் உங்களிடம் இல்லையென்றால் மருந்தகம் எடுத்த படங்களைக் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்கள், ரசீதுகள், விலைப்பட்டியல், ஒப்புதல் படிவத்தின் நகல், உங்களை அந்த மருந்தகத்துக்கு இழுத்த விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகிய அனைத்தையும் அழியாத இடத்தில் வையுங்கள். விளம்பரம் நாளை நீக்கப்படலாம். சிங்கப்பூரில் மருத்துவ விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நோயாளிகளின் நற்சான்றுகளை விளம்பரமாகப் பயன்படுத்துவதற்கு அனுமதியில்லை. அவ்வாறு ஏதேனும் கண்டால் சுகாதார அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

மருத்துவப் பதிவுகளைப் பெறுவது பலர் தயங்கும் கட்டம். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்துமூலம் கேட்டால் நிறுவனம் 30 நாளுக்குள் தர வேண்டும், அல்லது எப்போது தர முடியும் என்பதை அந்தக் காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டியிருப்பதால்" என்று ஒரு வரி எழுதினாலே பெரும்பாலும் பேச்சு சுமுகமாக நடக்கும். அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், படங்கள் என்று வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உள்வைப்பு ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால் அதன் தயாரிப்பாளர், வகை, வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையைத் தவறாமல் பெறுங்கள். 2019 ஜூலையில் அலெர்கன் நிறுவனம், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளுக்குப் பிறகு, பயோசெல் எனும் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட மார்பக உள்வைப்புகளை உலகளவில் மீட்டுக்கொண்டது. அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்கிருந்த தொடர்பே காரணம். அப்போது தம் உடலுக்குள் இருப்பது எந்த வகை என்பதை உடனே அறிய முடிந்தவர்கள் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்.

இவற்றோடு, நடந்ததைத் தேதிவாரியாக நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதுவது எளிதாக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருத்துவர் சொன்ன சொற்களை நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுவது, உங்கள் விளக்கத்தைக் கலந்து எழுதுவதைவிடப் பயன் தரும்.

முதலில் அதே மருத்துவரிடம்

கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சிகிச்சை செய்தவரிடம் ஒருமுறை முறையாகப் பேசுவது நல்லது. உள்ளே என்ன செய்யப்பட்டது என்பதை நன்கு அறிந்தவர் அவர். இந்தச் சந்திப்புக்கு நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது மட்டுமே அவர் வேலை. என்ன திட்டமிடப்பட்டது, என்ன நடந்தது, இப்போது தெரிவது வீக்கமா நிரந்தரமா, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், திருத்தினால் என்ன கிடைக்கும், திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், பேசியவற்றின் சுருக்கத்தை மின்னஞ்சலாக அனுப்பி, தவறிருந்தால் திருத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்த அறுவையை இலவசமாகச் செய்து தருவதாக மருத்துவர் சொன்னால் அந்த இலவசம் எதை உள்ளடக்குகிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மருத்துவர் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுத்து, அறுவைக்கூடக் கட்டணத்தையும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணத்தையும் நோயாளியே செலுத்தும்படி விடுவது வழக்கமாக நடப்பது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்திட வேண்டாம். "முழுமையான இறுதித் தீர்வு" என்ற பொருள்படும் வரி அதில் இருந்தால், பின்னர் வேறு பாதிப்பு தெரியவந்தாலும் நீங்கள் கோர முடியாமல் போகலாம். வீட்டுக்கு எடுத்துச் சென்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இன்னொரு நிபுணரின் கண்

அழகியல் மருத்துவம் சிங்கப்பூரில் தனி நிபுணத்துவத் துறையாக அங்கீகரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட துறை. ஆகையால் மருந்தகப் பலகையில் உள்ள அடைமொழிகளை நம்பாமல், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடி, அவர் நிபுணராகப் பதிவுபெற்றவரா, எந்தத் துறையில் என்று பாருங்கள். இரண்டாவது கருத்துக்குப் பொது மருத்துவமனைகளிலுள்ள பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவையும் நாடலாம். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் சீரமைப்பு, அழகியல் அறுவை சிகிச்சைக்கென்றே துறை இருக்கிறது.

அந்த மருத்துவரிடம் "அவர் செய்தது தப்புதானே?" என்று கேட்டுத் தொடங்கினால் அவர் தம் சொற்களை அளந்து பேசத் தொடங்கிவிடுவார், உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைக்காது. இப்போது உள்ள நிலை என்ன, இது இந்தச் சிகிச்சையில் வழக்கமாக நேரக்கூடியதா, திருத்த முடியுமா, எப்போது என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் உடனே தாமே திருத்தித் தருவதாகச் சொன்னால் மூன்றாவது ஒருவரையும் பார்ப்பதில் தவறில்லை.

ஏமாற்றம், பக்கவிளைவு, கவனக்குறைவு

எந்தக் கதவைத் தட்டுவது என்பது, உங்களுக்கு நேர்ந்தது இம்மூன்றில் எது என்பதைப் பொறுத்தது. அறுவை முறையாக நடந்து, காயம் நன்றாக ஆறி, முடிவு மட்டும் மனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் அது ஏமாற்றம். அதற்கு நீதிமன்றத்தில் வழி மிகக் குறைவு. பேச்சுவார்த்தையும் சமரசமும் திருத்த அறுவையும்தான் வழி. கீலாய்டு, தொற்று, உணர்விழப்பு, உள்வைப்பைச் சுற்றித் திசு இறுகுதல் போன்றவை திறமையான மருத்துவர் கவனமாகச் செய்தாலும் நேரக்கூடிய பக்கவிளைவுகள். இங்கே கேள்வி, அவை நேரலாம் என்று உங்களிடம் சொல்லப்பட்டதா, நேர்ந்த பிறகு ஒழுங்காகக் கவனிக்கப்பட்டீர்களா என்பது. ஒரு மருத்துவர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாததால் கேடு விளைந்திருந்தால் மட்டுமே அது சட்டத்தின் பார்வையில் கவனக்குறைவாகும்.

அறிவுரை அளிப்பது தொடர்பாக, சிவில் சட்டத்தின் 37ஆம் பிரிவு 2022 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சக மருத்துவர்களில் மதிக்கத்தக்கவர்கள் ஏற்கும் முறையில் அறிவுரை சொல்லப்பட்டதா என்பது அதன் அளவுகோல். ஆனால் அந்தச் சக மருத்துவர்களின் கருத்து, நோயாளி முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் முக்கியத் தகவல் தரப்பட்டதா என்பதையும் கருத்தில் கொண்டிருக்க வேண்டும். எனவே நீங்கள் மருத்துவரிடம் கேட்ட கேள்விகளும் சொன்ன கவலைகளும் முக்கியமானவை. "நான் மேடையில் பாடுபவள், மூச்சு விடுவதில் எந்தச் சிரமமும் வரக் கூடாது" என்று மூக்கு அறுவைக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால், அது வெறும் பேச்சாகக் கருதப்படாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அது சரியன்று. சிங்கப்பூரில் நடப்பிலுள்ள நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டப்படி, கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்க முடியாது. படிவம் காட்டுவது, பட்டியலிடப்பட்ட அபாயங்களை நீங்கள் அறிந்து ஏற்றீர்கள் என்பதை மட்டுமே.

பணம் கோருவதற்கான வழிகள்

செலுத்திய தொகுப்புத் திட்டத்தில் பாக்கி உள்ள அமர்வுகள் மறுக்கப்பட்டன, சொன்னதைவிடக் கூடுதலாக வசூலித்தார்கள், ஒப்புக்கொண்ட சேவை செய்யப்படவே இல்லை என்பன போன்ற பணத் தகராறுகளுக்குச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். அது தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை, அங்கே கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, அமர்த்தவும் முடியாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். உடற்காயத்துக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிப்பதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

சமரசம் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி. சிங்கப்பூர் சமரச நிலையம் போன்ற அமைப்புகளில், பயிற்சி பெற்ற நடுநிலையாளர் ஒருவர் இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவார். அங்கே பேசுவது பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படாது. நீதிமன்றத்தால் தர முடியாதவற்றை, அதாவது ஒரு விளக்கத்தை, மன்னிப்பை, வேறொரு நிபுணரிடம் திருத்திக்கொள்வதற்கான செலவை, அங்கே கேட்டுப் பெறலாம். தீர்வு எழுத்தில் கையெழுத்தானால் அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

உடற்காயத்துக்கு இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பது கடினமான பாதை. கோரிக்கை 60,000 வெள்ளிவரை இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், 250,000 வெள்ளிவரை மாவட்ட நீதிமன்றத்திலும், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்திலும் அது விசாரிக்கப்படும். கவனக்குறைவு நடந்தது என்று சொல்ல ஒரு மருத்துவ நிபுணரின் அறிக்கை வேண்டும். அந்தக் கவனக்குறைவால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்பதையும் தனியே நிரூபிக்க வேண்டும். தோற்றால் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியும் உங்கள் தலையில் விழும். வென்றால் பங்கு தருகிறேன் என்று வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளும் முறைக்கு இத்தகைய வழக்குகளில் இங்கே அனுமதியில்லை. ஆகவே உங்கள் பாதிப்பின் அளவு இந்தச் செலவுக்கு ஈடாகுமா என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள். உடற்காயத்துக்கான காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்தோ, பாதிப்பை நீங்கள் அறிந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து அது கணக்கிடப்படும். மூக்குக்காக ஓராண்டு பொறுத்து, அடுத்த ஓராண்டு பேச்சுவார்த்தையில் கழிந்தால் மிச்சமிருப்பது எவ்வளவு என்று பாருங்கள். மருத்துவர் நல்லவிதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதால் இந்தக் கணக்கு நிற்பதில்லை.

வசதி குறைந்தவர்கள் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வருமானச் சோதனைக்கும் வழக்கின் தகுதிச் சோதனைக்கும் பிறகு உதவி கிடைக்கும். புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் ஒருமுறை பேசினாலே எந்தக் கதவு உங்களுக்குரியது என்பது தெளிவாகலாம். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டு, ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை.

மருத்துவ மன்றத்தில் புகார்

பணம் வேண்டாம், இன்னொருவருக்கு இப்படி நேரக் கூடாது என்பதே உங்கள் எண்ணமானால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் உங்களுக்குரியது. அந்த மன்றம் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. மருத்துவரின் தொழில் நடத்தையை மட்டுமே அது விசாரிக்கும். புகாரை எழுத்தில், ஆணையர் முன் உறுதிமொழி செய்த சட்டபூர்வப் பத்திரத்துடன் தர வேண்டும். பொய்யான உறுதிமொழி குற்றமாகும் என்பதால், தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய நிகழ்வுகளை மன்றம் ஏற்பதில்லை. 2022 ஜூலையில் நடப்புக்கு வந்த மாற்றங்களின்படி, அடிப்படையற்ற புகார்களை முதலிலேயே சலித்தெடுக்க ஒரு விசாரணைக் குழு இருக்கிறது; தகுந்தவை சமரசத்துக்கும் அனுப்பப்படலாம். கடுமையான நிகழ்வு ஒழுங்கு நடவடிக்கை நடுவர் மன்றம்வரை சென்றால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுவரை தொழில் இடைநீக்கம், 100,000 வெள்ளிவரை அபராதம், பதிவேட்டிலிருந்து நீக்கம் ஆகியவற்றுக்கு வாய்ப்புண்டு. முடிவு வர நெடுநாளாகலாம்.

சிகிச்சை செய்தவர் மருத்துவரே இல்லையென்றால் நிலைமை வேறு. அழகு நிலையத்திலோ யாரோ ஒருவரின் புளோக் வீட்டிலோ ஃபில்லரோ போட்டோக்ஸோ ஊசி போடப்பட்டிருந்தால் அது சட்டவிரோதம்; சுகாதார அமைச்சிடமும், ஊசிமருந்தின் மூலம் குறித்துச் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் தெரிவியுங்கள். மருந்துக்குப்பியோ அதன் பெட்டியோ கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். உள்ளே போனது என்ன என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் அதுவே சொல்லும்.

வெளிநாட்டில் செய்துகொண்டவர்கள்

ஜோகூர் பாருவிலோ சென்னையிலோ சோலிலோ செய்துகொண்ட சிகிச்சையைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் விசாரிக்க முடியாது. மலேசியாவுக்கு மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. இந்தியாவில் கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை பயனீட்டாளர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அதனால் அங்கே நுகர்வோர் ஆணையத்தை நாடலாம், காலவரம்பு இரண்டு ஆண்டு. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்குச் செல்லும். தென்கொரியாவில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவத் தகராறு சமரச அமைப்பை வெளிநாட்டவரும் பயன்படுத்தலாம். எங்கே செய்திருந்தாலும், ஊர் திரும்பும் முன் அறுவைக் குறிப்பைக் கையில் வாங்கிவிட வேண்டும். இங்குள்ள நிபுணர், முன்னவர் என்ன செய்தார் என்று தெரியாமல் திருத்த அறுவையைத் தொடத் தயங்குவார், தயங்குவதும் நியாயம்.

சமூக ஊடகத்தில் எழுதுவதற்கு முன்

நேர்ந்ததைப் பதிவிடும் உந்துதல் இயல்பானது. ஆனால் பெயர் சொல்லி "ஏமாற்றுக்காரர்" என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். உண்மை என்பது தற்காப்பாகும், ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சமரசப் பேச்சு நடக்கும்போது எழுதிய ஒரு பதிவு அந்தப் பேச்சையே முறித்துவிடவும் கூடும். தேதியும் நிகழ்வும் படமும் அடங்கிய உங்கள் கோப்பை முறையான அமைப்பிடம் கொடுத்த பிறகு எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மனம்

இதைப் பலர் கடைசியில்கூட எண்ணுவதில்லை. ஒரு சிறு குறையே நாள் முழுதும் கண்முன் நின்று, கண்ணாடியை விட்டு நகர முடியாமலோ, வெளியே போகவே முடியாமலோ செய்தால், அது உடல் உருவம் பற்றிய மனநலக் கோளாறாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை பொதுவாக நிம்மதி தருவதில்லை, மனநல சிகிச்சை தருகிறது. இப்படிச் சொல்வது உங்கள் புகாரைப் பொய்யாக்குவதாகாது. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கலாம். மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணும் நாளின் 24 மணி நேரமும் இயங்குகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள்.

திருத்த அறுவை என்று முடிவானால்

இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. உள்ளே தழும்புத் திசு இருக்கும், இரத்த ஓட்டம் மாறியிருக்கும், மூக்கில் குருத்தெலும்பு போதாமல் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க நேரிடும். ஆகவே புதிய மருத்துவரிடம் முழுமையான அழகை எதிர்பார்ப்பதைவிட, எந்த ஒரு குறை சரியானால் உங்களுக்குப் போதும் என்று சொல்லி, அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். இதே திருத்தத்தை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், இதுவும் சரியாக வராவிட்டால் அடுத்து என்ன செய்வார் என்றும் கேளுங்கள். மெடிசேவையோ மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டையோ ஒப்பனை நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது. மூச்சடைப்பு, பார்வையை மறைக்கும் இமை போன்ற செயல்பாட்டுக் குறை இருந்தால் நிலைமை மாறலாம் என்பதால், அதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் அறுவைக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்கோ சமரசமோ நடந்துகொண்டிருந்தால், திருத்த அறுவைக்கு நாள் குறிக்கும் முன் வழக்கறிஞரிடம் தெரிவித்து, இப்போதைய நிலையை நிபுணர் ஒருவர் பரிசோதித்து அறிக்கை எழுதுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்; திருத்திய பிறகு, முன்பு எப்படி இருந்தது என்பதைக் காட்ட அந்த அறிக்கையும் படங்களும் மட்டுமே எஞ்சியிருக்கும்.